லீவர் திருப்பும் வைபவம்

அண்ணனைக் கொன்ற விமானத்தைச் சரிசெய்தாகிவிட்டது, மறுபடியும் பறக்கப் போகிறது, அவசியம் குடும்பத்தோடு வந்து கைதட்டிச் சிறப்பிக்க வேண்டும் என்று போன் வந்தபோது, மாஸ்டர் ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போனில் பேசிய குரல் அத்தனை பணிவாக இருந்ததால் பழக்க தோஷத்தில் "ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் பல் டாக்டர் காரை ஒரு விளக்குக் கம்பத்தின் மேல் சாய்த்துவிட்டிருந்தார்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்குப் பயந்து ஓரமாக நடந்து போனார்கள். எப்போதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே காலம் தள்ளுகிற மனிதர் அவர். ஆனால் அவருடைய அண்ணன் விமானி. பெரிய கம்பெனி விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் 'பழம்பெரும் விமானப் பேணுகைச் சபை' என்ற ஒன்றில் போய்ச் சேர்ந்தார். சபையிடம் பழைய யுத்த காலத்து விமானம் ஒன்று இருந்தது. ஒற்றை என்ஜின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. சபையார் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில், ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மகாராணியின் என்ஜின் நின்றுபோய் அண்ணனோடு தரையில் விழுந்தது.

சபை விசாரணை நடத்தி, "விமானியின் கவனக்குறைவு" என்று தீர்ப்புச் சொன்னது. அண்ணி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். ஒரு துளியை மூன்று தடவை பார்க்காமல் யாருக்கும் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லமாட்டார். முப்பது வருடம் தன்னோடு வாழ்ந்த மனிதர் கவனக்குறைவானவர் என்று கேள்விப்பட்டபோது, "எதை வச்சுச் சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை. பதிலுக்கு ஒரு கீ செயின் வந்தது. விழுந்த விமானத்தின் தகரத்தில் வெட்டிச் செய்தது. "அசல் மகாராணி, ஒரு துண்டு" என்று பொறித்து, சான்றிதழோடு வந்திருந்தது. அண்ணி அதைக் கையால்கூடத் தொடவில்லை. மாஸ்டர்தான் எடுத்துக்கொண்டு போய்த் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

இப்போது போனில் பேசிய பணிவான குரல் இன்னொரு தேனையும் காதில் வார்த்திருந்தது. இந்த முறை விமானத்தை ஓட்டப் போவது வேறு யாருமல்ல, அண்ணனின் மகள்தான். "அப்பா விட்ட இடத்துலேருந்து மகள் தொடருவாங்க. எவ்வளவு உருக்கமா இருக்கு பாருங்க!" என்றது குரல். அப்பா விட்ட இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் குரல் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அவள் வந்தாள். கம்பெனி விமானத்தில் துணை விமானி. நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிறவள். குடும்பத்தில் அவளுக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர்.

"பாப்பா, அவங்க கேட்டா உடனே சரின்னுடுவியா? அம்மாவை நெனச்சுப் பார்த்தியா?"

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் சித்தப்பா."

"என்ன சொன்னாங்க?"

"அன்னையிலேருந்து பேசல."

"அதுலயே தெரிய வேணாமா உனக்கு?"

"நான் மாட்டேன்னா அடுத்த ஆள் ரெடியா இருக்கான். வரிசை கட்டி நிக்கறாங்க. அந்தப் பையனுக்கும் வீட்டுல ஒரு சித்தப்பா இருப்பாரு இல்ல?"

மாஸ்டருக்கு அந்த முகம் தெரியாத சித்தப்பாமேல் திடீரென்று பாசமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சரி, அந்த லீவரையாவது மாத்திட்டாங்களா?"

பாப்பா டீயை ஊதி ஊதி ஆற்றினாள். "அதை மட்டும் மாத்தவே மாட்டாங்களாம்."

லீவர் கதையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மகாராணிக்கு இரண்டு பெட்ரோல் டாங்க். ஒன்று தீரும்போது இன்னொன்றுக்கு மாற்ற ஒரு லீவர் உண்டு. அதை விமானிக்கு முன்னால் வைத்தால் சௌகரியமாக இருக்கும் என்பதாலோ என்னவோ, அவருக்குப் பின்னால், இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். விமானி பார்க்காமலே கையை முதுகுப் பக்கம் வளைத்துத் துழாவித் திருப்ப வேண்டும். அது போகட்டும். லீவருக்கு இரண்டு முனை, ஒன்று நீளம், ஒன்று குட்டை. உலகத்தில் எவனும் நீள முனை காட்டுவதைத்தான் நம்புவான். ஆனால் அதைச் செய்த மகானுபாவன் குட்டை முனையைத்தான் முள்ளாக வைத்திருந்தான். நீள முனை வெறும் கைப்பிடி. அதை 'ரிசர்வ்' என்று எழுதிய பக்கம் திருப்பினால் குட்டை முனை நேர் எதிரே போய் நிற்கும். அங்கே எழுதியிருப்பது 'மூடு'. பெட்ரோல் நிற்கும், என்ஜின் நிற்கும், அப்புறம் சபை விசாரணை நடத்தும்.

அண்ணன் இதைச் சபையில் பலமுறை சொல்லிப் பார்த்தார். தம்பியிடமும் சொல்லியிருக்கிறார். "எனக்குப் பழக்கம்தான். ஆனா அவசரத்துல கை புத்தியைக் கேக்காதுடா." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சபையில் யாரோ சிரித்தார்களாம். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கலாம் என்று பழமொழி சொன்னவர்களுக்குத் தோன்றவில்லை.

பாப்பாவைத் தடுக்க முடியாது, லீவரையாவது மாற்ற வைப்போம் என்று மாஸ்டர் மறுநாள் ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டுச் சபைக்குப் போனார். விமானக் கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே சிமென்ட் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. செயலாளர் வெள்ளைக் கையுறை போட்ட ஒல்லியான மனிதர். போனில் பேசிய பணிவான குரல் அவருடையதுதான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். அவங்க காதுல விழும்."

"யாரு காதுல?"

செயலாளர் விமானத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். மாஸ்டர் வேறு வழியில்லாமல் தானும் தாழ்த்தினார்.

"இறக்கை புதுசு மாதிரி இருக்கே?" என்று கிசுகிசுத்தார்.

"போன வருஷம் செஞ்சது. அசல் வரைபடத்துப்படி."

"உடம்பு?"

"அதுவும் அப்படித்தான். பழசு ரொம்ப நசுங்கிப்போச்சு."

"என்ஜின்?"

"அது வேற ஒருத்தங்களோடது. அவங்க கடல்ல விழுந்தாங்க, என்ஜின் மட்டும் மிஞ்சிச்சு."

"சக்கரம், கண்ணாடி, இருக்கை?"

"புதுசு, புதுசு, புதுசு."

"அப்ப இது புது விமானம்தானே சார்?"

செயலாளரின் கையுறை நெஞ்சுக்குப் போனது. "அபச்சாரமாப் பேசாதீங்க. எண்பது வருஷப் பழசு சார். அசல் உறுப்பு ரெண்டு இருக்கே!"

சபையின் விதிப்படி, பறக்கும்போது வேலை செய்கிற அசல் உறுப்பு இரண்டாவது இருந்தால் அது அசல் விமானம். ஒன்றுதான் என்றால் நகல். நகலைப் பார்க்க எவனும் வரமாட்டான். மகாராணியில் மிஞ்சிய இரண்டு உறுப்பில் ஒன்று முன்பக்கத்துப் பெயர்த் தகடு. அது பறக்கும்போது என்ன வேலை செய்கிறது என்று மாஸ்டர் கேட்டார். பெயரைத் தாங்குகிறது என்றார் செயலாளர். இரண்டாவது, அந்த லீவர்.

"இவங்க இதுவரைக்கும் அஞ்சு தடவை விழுந்திருக்காங்க. அஞ்சு தடவையும் எழுந்துட்டாங்க" என்றார் செயலாளர் பெருமையாக.

"ஓட்டினவங்க?"

"அவங்க யாரும் எழுந்திருக்கல" என்றார், அவர்கள் ஒத்துழைப்பு போதவில்லை என்று குறைபட்டுக்கொள்வது போல. "ஆனா ஒண்ணு கவனிக்கணும் சார். அஞ்சு விபத்துலயும் லீவருக்கு ஒரு கீறல்கூட விழல! அந்தக் காலத்து வேலைப்பாடுன்னா வேலைப்பாடு!"

மாஸ்டர் அந்த லீவரைப் பார்த்தார். அண்ணன் கடைசியாகத் தொட்ட பொருள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பித்தளையில் பளபளவென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல அவருக்குக் கை துடித்தது.

லீவரைப் பற்றி முடிவு செய்ய வேண்டியது குழு என்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடியது. உண்மையில் அது இரண்டு குழு. ஒன்று பாதுகாப்புக் குழு, மற்றது பாரம்பரியக் குழு. இரண்டிலும் அதே ஏழு பேர். பாதுகாப்புக் குழுவாக இருக்கும்போது மேஜையின் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள், பாரம்பரியக் குழுவாக இருக்கும்போது கதவுப் பக்கம். மாறும்போது அவரவர் டீக் கோப்பையை அவரவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது மரபு. நடுவில் தலைவர். சர்க்கரை ஆலை வைத்திருந்தவர். பறக்கத் தெரியாது, ஆனால் கோட்டில் இரண்டு வெள்ளிச் சிறகு குத்தியிருந்தார்.

மாஸ்டர் லீவரின் கோளாறைப் படம் போட்டு விளக்கினார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டாரே தவிரக் காதில் வாங்கினாரா என்பது பின்னால்தான் தெரிந்தது.

"லீவர் ஆபத்தானது என்பதை இக்குழு மனப்பூர்வமாக உணர்கிறது" என்றார் தலைவர், ஜன்னல் பக்கமிருந்து. "ஆனால் அதை மாற்றும் அதிகாரம் பாரம்பரியக் குழுவுக்கே உண்டு."

ஏழு பேரும் எழுந்து டீயோடு கதவுப் பக்கம் போனார்கள்.

"மாற்றுவதில் இக்குழுவுக்கு ஆட்சேபணை இல்லை. பாதுகாப்புக் குழு ஆபத்து என்று எழுத்தில் கொடுக்கட்டும்."

மறுபடியும் ஜன்னல் பக்கம். "எழுத்தில் கொடுத்தால் முந்தைய ஐந்து விசாரணைகளும் தவறு என்றாகிவிடும். ஆகவே உணர்கிறோம், எழுதமாட்டோம்."

டீ சிந்திய ஒரு உறுப்பினருக்காகக் கூட்டம் சற்று நின்றது. அந்த இடைவெளியில் மாஸ்டர் பைக்குள்ளிருந்து அந்தக் கீ செயினை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை யோசித்துக் கண்டுபிடித்ததில் அவருக்கு ராத்திரியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

"இதுவும் அசல்தானே சார்? நீங்களே சான்றிதழ் கொடுத்திருக்கீங்க. இதை விமானத்துல எங்கயாவது முடுக்கிடுங்க. தகடு ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டாச்சு. லீவரைக் கழட்டிடலாம்."

குழு கதவுப் பக்கம் போய், ஆழ்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. கீ செயின் நினைவுப் பரிசாக வழங்கப்பட்ட கணமே விமானமாக இருப்பதை நிறுத்திவிட்டது. தவிர, அதில் துக்கம் கலந்திருப்பதால் பறக்கத் தகுதி இல்லை.

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "சார், ஒரே ஒரு கேள்வி. இது அதே விமானமா, வேற விமானமா?"

"அதே விமானம்!" தலைவர் மேஜையைத் தட்டினார். "எண்பது வருட வரலாறு!"

"அப்ப எங்கண்ணன் விழுந்ததும் இதுலதான். வாங்க, இப்பவே சோதிச்சுப் பார்த்துடலாம். விசாரணையைத் திரும்பத் தொடங்குங்க."

"அது எப்படி முடியும்? அந்த விமானம்தான் நொறுங்கிப்போச்சே. இல்லாத விமானத்தை எப்படிய்யா சோதிக்கிறது?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர்கள் முயலுக்கு வேண்டும்போது கால் முளைத்தது, வேண்டாதபோது முயலே இல்லை. மாஸ்டர் கீ செயினை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார். அவரைப் பார்த்துத் தலைவருக்கே இரக்கம் வந்துவிட்டது. தோளில் கை போட்டு வாசல்வரை வந்தார்.

"வருத்தப்படாதீங்க தம்பி. விமானம் தவறு செய்யாது. அதுதான் சபையின் கொள்கை. எண்பது வருஷத்துல அஞ்சு பேர் செத்திருக்காங்க, அஞ்சு பேருமே கவனக்குறைவு. அஞ்சுலயும் ஒரே தீர்ப்பு வந்திருக்குன்னா, தீர்ப்பு எவ்வளவு சரியா இருக்கணும்? அந்த லீவரைக் குழந்தைகூடத் திருப்பும்."

மாஸ்டர் இதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் பாப்பாவிடம் ஒப்பித்தார். பாப்பா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

இரண்டு நாளில் செயலாளர் பரவசத்தோடு போன் செய்தார். உங்கள் அண்ணன் மகள் தங்கம் சார் என்றார். முதல் பறத்தலின்போது பின் இருக்கையில் தலைவர் வந்து உட்கார வேண்டும், டாங்க் மாற்றும் நேரத்தில் அந்தப் புகழ்பெற்ற லீவரைத் தலைவரின் கையாலேயே திருப்ப வேண்டும், அது தனக்கும் தன் அப்பாவுக்கும் கிடைக்கும் கௌரவம் என்று அவளே கேட்டுக்கொண்டாளாம். பின் இருக்கைக்காரருக்கு லீவர் கண்ணுக்கெதிரே, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். சபை நெகிழ்ந்துபோய் அதற்கு 'லீவர் திருப்பும் வைபவம்' என்று பெயரே வைத்துவிட்டது.

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. நேராக அண்ணி வீட்டுக்குப் போனார்.

"அவருக்குப் போய்க் காக்கா பிடிக்கிறியா பாப்பா? உங்கப்பனைக் கவனக்குறைவுன்னு சொன்ன ஆளு!"

பாப்பா கோபப்படவில்லை. "சித்தப்பா, அந்தப் பல் டாக்டர் இப்ப ரிவர்ஸ் எடுக்கறாரா?"

"அதுக்கென்ன இப்ப? எடுக்கறாரு. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், ஏறல. காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் நீயே ஓட்டுய்யான்னு விட்டேன், பிடிச்சுக்கிட்டாரு."

"ம்" என்றாள் பாப்பா.

அந்த 'ம்' என்ன அர்த்தத்தில் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி மட்டும் குழாயை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வந்து மகளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "ரெண்டு தடவை யோசிச்சுட்டியா?" என்றார். அத்தனை நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "மூணு தடவை" என்றாள் மகள். அண்ணி திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார்.

வைபவத்துக்கான ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. லீவர் மேலும் மேலும் துடைக்கப்பட்டது. தலைவருக்குப் பட்டுக் கையுறை தைத்தார்கள். அவர் அந்தப் பொன் தருணத்தில் சொல்லும் வார்த்தைகள் வீணாகக் கூடாது என்று, விமானத்துக்குள் பேசுவது மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்க வழி செய்தார்கள். தலைவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். லீவருக்குப் பதில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டாராம். கரண்டிக்கு ஒரு முனைதான் முள்ளாக இருக்க முடியும் என்பதால் ஒத்திகை அருமையாக வந்தது.

அந்த நாளும் வந்தது. நாற்காலி கொள்ளாத கூட்டம். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த அண்ணி வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால், மாஸ்டரின் பக்கத்தில் நின்றார். முதலில் மௌன அஞ்சலி. ஐந்து விமானிகளுக்கும் ஆளுக்கொரு நிமிடம் என்று இருந்ததாம், பேண்டு வாத்தியக்காரர்கள் தயாராகிவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்து அரை நிமிடமாகச் சுருக்கினார்கள். பிறகு தலைவர் பேசினார்.

"அன்பர்களே, மனிதர்கள் வருவார்கள், போவார்கள். முக்கியமாக, போவார்கள். மகாராணி நிலைத்திருப்பாள். ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் முன்பைவிட இளமையாக எழுகிறாள். இதற்காகத் தங்களை அர்ப்பணித்த ஐந்து விமானிகளுக்கும் சபை நன்றி தெரிவிக்கிறது. அவர்களுடைய கவனக்குறைவை நாங்கள் என்றோ மன்னித்துவிட்டோம்."

கைதட்டல் எழுந்தது. அண்ணி கைதட்டவில்லை. மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகாராணி கிளம்பியது. கிளம்பின அழகைக் குறை சொல்ல முடியாது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறியது. இன்னும் ஏறியது. "நிகழ்ச்சி நிரல்ல இவ்வளவு உயரம் இல்லையே" என்று செயலாளர் முணுமுணுத்தார். பெரிய பறவை அளவாக இருந்தது சின்னப் பறவை அளவானது. ஓடுபாதைக்கு நேர் மேலே வந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஐயா, டாங்க் மாத்தற நேரம் வந்தாச்சு. நீங்க திருப்பலாம்." பாப்பாவின் குரல்.

"இந்தப் பொன்னான தருணத்தில்..." என்று தலைவர் தொடங்கி, நன்றி சொல்ல வேண்டிய எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்து, "இதோ!" என்றார்.

என்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு சத்தம் நின்றுபோனது.

அந்த அமைதியை வைபவத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"என்னம்மா சத்தத்தையே காணோம்?" ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் ஒரு கட்டை ஏறியிருந்தது.

"திருப்பிட்டீங்களா ஐயா?"

"திருப்பிட்டேன்மா! சரியாத்தான் திருப்பினேன்!"

"எந்தப் பக்கம்?"

"ரிசர்வ்! எழுதியிருக்கே இங்க! எனக்கென்ன கண்ணு தெரியாதா? ஐயோ, விசிறி நிக்குதே! நான் சரியாத்தான்மா திருப்பினேன்! இந்த லீவர் சரியில்லம்மா! லீவர் சரியில்ல!"

"அப்படித்தான் ஐயா எங்கப்பாவும் திருப்பினாரு" என்றாள் பாப்பா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அவருக்கு இவ்வளவு உயரம் கிடைக்கல, அவ்வளவுதான். இப்ப கையை எடுத்து மடியில வச்சுக்கங்க. பெல்ட்டை இறுக்கிக்கங்க. இறங்கப் போறோம்."

கூட்டத்தில் கைதட்டல் அறுந்துபோனது. மாஸ்டருக்கு அப்போதுதான் அந்த 'ம்' விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அவருடைய வலது கால் புல்தரையில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. ஆகாயத்தில் பக்கத்து இருக்கையும் இல்லை, தனி பிரேக்கும் இல்லை. அண்ணி அவர் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். விமானம் சத்தமே இல்லாமல் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. ஒலிபெருக்கியில் தலைவர் தன் மனைவியை, மக்களை, பிறகு சர்க்கரை ஆலையை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது, ஒரு துள்ளல் துள்ளியது, உருண்டு நின்றது.

தலைவரை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். மாஸ்டர் ஓடினார். அறைவதற்குத்தான் கையை ஓங்கினார். ஓங்கின கை பாப்பாவின் தலையில் போய் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. "உசுரோட விளையாடிட்டியேடி!"

"என்ஜின் இல்லாம இறங்கறது எங்களுக்குப் பாடம் சித்தப்பா. வருஷா வருஷம் பரீட்சை வைப்பாங்க" என்றாள். ஆனால் அவள் உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. மூன்று தடவை யோசித்தவள்தான், ஆனாலும் பயந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது.

மறு வாரம் சபையின் குழு விசாரணைக்கு உட்கார்ந்தது. தலைவர் சம்பந்தப்பட்டவர் என்பதால் ஆறு பேர். லீவரில் குறை என்று சொன்னால் எண்பது வருடத் தீர்ப்புகள் கவிழும், லீவரைக் கழற்ற வேண்டும், மகாராணி நகலாகிவிடும். தலைவரில் குறை என்று சொன்னால் தலைவர் மட்டும்தான் கவிழ்வார். டீயைத் தூக்கிக்கொண்டு பக்கம் மாற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. "பின் இருக்கைப் பயணியின் கவனக்குறைவு" என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆதாரமாக, "விமானம் தவறு செய்யாது", "அந்த லீவரைக் குழந்தைகூடத் திருப்பும்" என்ற தலைவரின் பொன்மொழிகளையே மேற்கோள் காட்டினார்கள். செயலாளர் புதிய தலைவரானார். கையுறை அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

பழைய தலைவர் ஒருநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். கோட்டில் சிறகு இல்லை. மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் சரியாத்தான் திருப்பினேன். நீங்க நம்பறீங்க இல்ல? நீள முனையை ரிசர்வ் பக்கம் வச்சேன். உலகத்துல யாரா இருந்தாலும் அப்படித்தானே வைப்பான்? அந்த லீவரே தப்பு தம்பி! இதைப் போய்ச் சொன்னா ஒரு பய கேக்க மாட்டேங்கறான். கண்ணை மூடிக் கேட்டுக்கறாங்க, காதுல வாங்க மாட்டேங்கறாங்க. கவனக்குறைவாம்! என்னையா! நாப்பது வருஷம் ஆலை நடத்தினவன்!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

"உங்கண்ணனுக்கு நடந்த அதே அநியாயம்தான் எனக்கும் நடந்திருக்கு" என்றார் பழைய தலைவர்.

"ஒரு வித்தியாசம் இருக்கு சார். நீங்க வந்து சொல்றீங்க."

பழைய தலைவர் பிடித்திருந்த கையை விட்டார். கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த போக்குவரத்துச் சின்னங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமாம்" என்றார். எழுந்து போனார்.

ஆனால் போனவர் சும்மா இருக்கவில்லை. செத்துப்போன ஐந்து பேருக்காக அசையாத காரியங்கள், உயிரோடிருக்கும் ஒருவருடைய மானத்துக்காகக் கிடுகிடுவென்று அசைந்தன. அரசாங்கத்துக்குப் போனார், பத்திரிகைக்குப் போனார், ஆலைக் காலத்துச் சிநேகிதர்களை எல்லாம் எழுப்பினார். அரசாங்க ஆய்வாளர்கள் வந்து, லீவரைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களும் முதல் தடவை தப்பாகத்தான் திருப்பினார்கள். லீவரை உடனே கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. சபை அவசரமாகக் கூடி, அசல் விமானத்துக்கு அசல் உறுப்பு ஒன்று இருந்தாலே போதும் என்று விதியைத் திருத்தியது. டீ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். இவ்வளவு சுலபமான காரியத்தைத்தான் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே கெஞ்சிக் கேட்டார் என்பதை நினைத்து மாஸ்டர் அன்று முழுக்க யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

ஆய்வாளர்களின் அறிக்கை வந்ததும் அண்ணி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாப்பா படித்தாள். பழைய தலைவர் எவ்வித கவனக்குறைவும் அற்றவர், பொறுப்பானவர், மதிப்புக்குரியவர் என்று பக்கம் பக்கமாகப் போனது. அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் வாலில், "இதற்கு முன் நடந்தவற்றுக்கும் இதுவே காரணம், விமானிகள் மீது பிழை இல்லை" என்று இருந்தது. மற்ற நால்வரோடு அண்ணன் அதற்குள் அடங்கியிருந்தார்.

"இவ்வளவுதானா?" மாஸ்டர் கொதித்தார். "அந்தாளுக்குப் பத்துப் பக்கம், எங்கண்ணனுக்கு அரை வரியா? ஒரு பேரு போடக் கூடாதா இவனுங்களுக்கு?"

அண்ணி மகளிடம் அந்த இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். இன்னொரு தரம் என்றார். மூன்றாவது தடவை கேட்ட பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அரை வரி போதும்" என்றார். "அவருக்கு நீட்டி முழக்கினாலே பிடிக்காது."